அலைவ்: மூன்றாவது எடுத்துக்காட்டு

தாயுமானவனுக்கு அந்த வாரம் ஒதுக்கப்பட்ட ஆங்கிலச் சொல் 'அலைவ்'.

திங்கட்கிழமை காலை நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்து, திரையைத் திறந்து அதைப் பார்த்ததும், போன வாரம் மாதிரி இன்னொரு 'அட்ஜசன்ட்' கொடுத்திருக்கலாமே என்றுதான் அவருக்குத் தோன்றியது. பக்கத்து, அடுத்த, ஒட்டிய. மூன்றே நாளில் முடித்துக் கொடுத்தார். அதனால் யாரும் சாகவில்லை.

சட்டத்தைப் படித்து நடைமுறைப்படுத்தும் வேலையை மனிதர்களிடமிருந்து பிடுங்கி இயந்திரத்திடம் கொடுத்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. இயந்திரம் சிபாரிசு கேட்காது, மதியம் தூங்காது. ஒரே ஒரு குறைதான். பழைய சட்டங்களெல்லாம் ஆங்கிலத்தில் கிடந்தன. அதில் ஒரு சொல் வந்தால், அதற்கு என்ன பொருள், ஜனங்கள் அதை எப்படிப் புழங்குகிறார்கள் என்று யாராவது தமிழில் சொல்லிக்கொடுத்தால்தான் அது மேலே நகரும். 'பாத்துக்கலாம் விடுங்க' என்று தள்ளிவிடத் தெரியாது. இயந்திரத்தின் அந்த ஒரு குறையில்தான், திருச்சி கன்டோன்மென்ட்டில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்த அகராதித் துறையில், தாயுமானவன் உள்பட பதினெட்டுப் பேரின் வயிறு நிறைந்துகொண்டிருந்தது.

விதிகள் கறார். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று எடுத்துக்காட்டு வேண்டும். அகராதிக்காரன் சொந்தமாகக் கற்பனை செய்து எழுதக்கூடாது. யாரோ ஒருவர் நிஜமாக வாயால் சொன்னதாக இருக்க வேண்டும். பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போகக்கூடாது. எழுதியதைச் சொன்னவரிடமே கொண்டுபோய் வாசித்துக் காட்ட வேண்டும். அவர் "நான் சொன்னதுதான்" என்று குரல் பதிய வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் இயந்திரம் வாங்காது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ஐந்தாறு பொருள் இருந்தது. முதலாவது, உயிரோடு இருப்பது. எறும்பு மொய்க்கிற சர்க்கரை டப்பாவும் அலைவ். ஆபத்தை உணர்ந்து விழித்திருப்பவனும் அலைவ். எழுபது வயதில் துள்ளித் திரிகிற ஆளும், இன்னும் வழக்கொழியாத சடங்கும், அலைவ். இன்னொரு விசேஷம், வாக்கியத்தில் இது ஆளுக்கு முன்னால் வந்து நிற்காத சொல். பின்னால்தான் வரும். முதலில் ஆளைப் பார்க்க வேண்டும், பிறகுதான் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் எப்போதாவதுதான் இப்படி நியாயமாக நடந்துகொள்வான் என்று தாயுமானவன் நினைத்துக்கொண்டார்.

"முதல் பொருள் மட்டும் போதும் தாயு சார். எறும்பெல்லாம் அப்புறம் மொய்க்கட்டும்," என்று சொல்லிக்கொண்டே பிரிவுத் தலைவி ரெஜினா வந்து எதிரே உட்கார்ந்தார். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள போகணும். துணைமூளைச் சட்டம் அதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு."

"சட்டத்துல என்ன எழுதியிருக்கு?"

"பழைய பதிவுச் சட்டத்துலேர்ந்து எடுத்த ஒரே வரிதான். அலைவா இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் குடிமக்கள் பதிவேட்டுல இடம். இல்லாதவங்க பதிவை மூடிட்டு, துணைமூளையை நிறுத்திடணும். யார் அலைவ், யார் இல்லேன்னு சட்டம் சொல்லல. நாமதான் சொல்லணும்."

"வெள்ளிக்கிழமை போகலேன்னா?"

"அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிடும். ஆறு மாசம். ஆனா போகாம இருக்காது. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நீங்க ஒரு சொல்லைக்கூட லேட்டா குடுத்ததில்ல."

"அது என் தப்புதான் மேடம்."

ரெஜினா சிரிக்கவில்லை. மேசை விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தபடி, "வீட்டுல கமலம் அக்காவுக்கு இப்ப எவ்வளவு?" என்று கேட்டார்.

"மூணு."

"முப்பதா?"

"மூணு, மேடம். நூத்துக்கு மூணு."

துணைமூளை என்பது மறதி நோய் வந்தவர்களுக்குக் காதுக்குப் பின்னால், எலும்புக்கு உள்ளே பொருத்துகிற ஒரு சில்லு. மூளையில் எந்தப் பகுதி செத்துப்போகிறதோ அதன் வேலையைத் தான் எடுத்துக்கொள்ளும். முதலில் பேரன் பேத்தி பெயர்கள். பிறகு மாத்திரை நேரம், தெருவின் திருப்பங்கள். பிறகு பேச்சு. மூளை தேயத் தேயச் சில்லு கை நீட்டிக்கொண்டே போகும். மாதம் ஒரு தடவை ஒரு எண் வரும்: இவரில் இன்னும் இவராக இருப்பது இத்தனை பங்கு. கமலத்துக்கு ஆறு வருஷம் முன்னால் எண்பத்தெட்டில் ஆரம்பித்தது.

"வேற யாருக்காவது மாத்தித் தரட்டுமா சார்? புருஷோத்தமன் சும்மாதான் இருக்கார்."

"வேண்டாம் மேடம். பத்துக்குக் கீழ போனா ஆள் இல்லேன்னு ஒரே வரியில எழுதிட்டு அவர் டீ குடிக்கப் போயிடுவார். நானாவது கொஞ்சம் வருத்தப்பட்டு எழுதுவேன்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கமலம் காபியோடு வந்தாள். செங்கமலம் என்பது முழுப்பெயர். முசிறிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் பிரசவ வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தலை நரைத்திருந்தாலும் நடையில் இன்னும் அந்த வார்டின் விறுவிறுப்பு. ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளும் வழக்கமும் அப்படியே இருந்தது. தெருவில் யாரையாவது நிறுத்தி இந்தம்மாவுக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டால், கேட்டவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

"எங்க ஆபீஸ்ல இப்ப ஃபேன்தான் வேலை செய்யுது கமலம். ஆளுங்க சும்மா சுத்தறோம்," என்றார்.

கமலம் சிரித்தாள். அழகாக, நேரம் பிசகாமல்.

கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம் அவர் சொன்ன எந்த ஜோக்குக்கும் அவள் சிரித்ததில்லை. காய் நறுக்கிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இதுக்கு எந்தப் பக்கம் சிரிக்கணும்?" என்பாள். அந்த ஒரு கேள்வியை எதிர்பார்த்துத்தான் அவர் ஜோக்கே சொல்லிவந்தார் என்பது அது நின்ற பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. பதினான்கு மாதமாகச் சிரிக்கிறாள். எல்லாவற்றுக்கும் சிரிக்கிறாள். எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்கிறாள்.

பரீட்சை வைத்துப் பார்க்காமல் இல்லை. "இன்னிக்குப் பாயசத்துல ரசம் ஊத்திச் சாப்பிடலாமா?" என்று ஒரு நாள் கேட்டார். "சாப்பிடலாங்க," என்றாள். ஊற்றியும் கொடுத்தாள். சொன்ன பாவத்துக்கு அவர் அதைச் சாப்பிட்டு முடித்தார்.

இதில் அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் அவருக்கு அது பிடித்திருந்தது. சட்டையை மடித்துப் போடச் சொல்லி யாரும் கத்தவில்லை. மாத்திரை விழுங்கினீர்களா என்று அதட்டல் இல்லை. ஓசூரில் இருக்கும் மகள்கூட, "இப்பதான்ப்பா நம்ம வீடு வீடு மாதிரி இருக்கு, சண்டையே இல்ல," என்றாள். ஆமாம் என்றுதான் அவரும் சொன்னார். மூன்று நான்கு மாதம் ராஜா மாதிரி இருந்தார். பிறகு ஒரு நாள், ஆளில்லாத மலைப்பாறைக்கு நேரே நின்று கத்தி, திரும்பி வருகிற தன் குரலோடு குடித்தனம் நடத்துகிற மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை, துணைமூளை செய்கிற கம்பெனியிலிருந்து நிரஞ்சன் என்று ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, இஸ்திரி கலையாத பேச்சு.

"பேசினா பதில் சொல்றாங்க, நடக்கிறாங்க, சமைக்கிறாங்க. அதுக்கு மேல என்ன சார் வேணும்? அப்படியே எழுதிடுங்க. மூணு லட்சம் குடும்பம் உங்களைக் கையெடுத்துக் கும்பிடும்."

"ஒரு சந்தேகம். இவங்க யாருமே ஏன் எதுக்குமே வேண்டாம்னு சொல்றதில்ல?"

"அது நாங்க வெச்சது இல்ல சார்." நிரஞ்சன் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "சில்லு வீட்டுல இருக்கிறவங்க முகத்தைப் பாத்துத்தான் கத்துக்கும். ஒண்ணு சொல்லும்போது எதிர்ல இருக்கிறவர் முகம் சுளிச்சா, இது நம்ம ஆள் பேசற பேச்சு இல்ல போலன்னு விட்டுடும். சிரிச்சா வெச்சுக்கும். நாளாக நாளாக வீட்டுக்குப் பிடிச்ச மாதிரி ஆயிடும். அதுல என்ன தப்பு?"

மறதி வந்து சில்லு வைத்த முதல் இரண்டு வருஷத்தில், கமலம் ஒரே கேள்விக்காக நாலு தடவை சண்டை போடும்போதெல்லாம், தான் முகத்தை எப்படி வைத்துக்கொண்டிருந்தோம் என்று தாயுமானவன் யோசித்துப் பார்த்தார். ஒவ்வொரு 'வேண்டாம்'க்கும் ஒரு சுளிப்பு. ஒவ்வொரு சுளிப்புக்கும் ஒரு 'வேண்டாம்' உதிர்ந்திருக்கிறது. ஆக, அவளைத் தேய்த்ததில் நோய்க்கு ஒரு பங்கு என்றால் அவருக்கும் ஒரு பங்கு.

"உங்க வீட்டம்மாவுக்கும் நம்மளதுதானே சார் இருக்கு? நல்லா இருக்காங்கல்ல?"

"ரொம்ப நல்லா இருக்கா," என்றார். "அதான் பிரச்சனை."

எந்தச் சொல் வேலையில் இருக்கிறது என்று வாசலில் அறிவிப்பு போடுவது துறையின் வழக்கம். சம்பந்தப்பட்டவர்கள் வந்து பேசலாம். வழக்கமாக ஒருவரும் வர மாட்டார்கள். புதன்கிழமை காலை ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். புதுக்கோட்டையில் பள்ளிக்கூட டீச்சர், பெயர் தமயந்தி.

"சார், எங்க அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், துணைமூளை வெச்சவர். நான் எனக்குப் பிடிச்சவரைக் கட்டிக்கிட்டேன்னு பதினோரு வருஷமா பேசல. நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா எழுந்து உள்ள போயிடுவார். படிச்சிட்டிருந்த பேப்பரையும் மடிச்சு எடுத்துக்கிட்டுத்தான் போவார், அதை நான் படிச்சிடக் கூடாதாம்."

தாயுமானவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

"போன மாசம் போனேன். 'வாம்மா, மாப்பிள்ளை எங்கே'ன்னார். தலையில கை வெச்சு, நல்லா இருங்கன்னார்."

"நல்ல விஷயம்தானேம்மா?"

"எங்க அண்ணனும் அதான் சொல்றான். கிடைச்ச வரைக்கும் வாங்கிக்கோடீங்கறான்." அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். "அவர் கை நடுங்கல சார். கோபம் வந்தாலும் பாசம் வந்தாலும் எங்க அப்பாவுக்குக் கை நடுங்கும். தலையில ஒரு தாம்பாளம் வெச்ச மாதிரி இருந்துச்சு. எங்க அப்பா என்னை மன்னிச்சுட்டாரா, இல்ல, எங்க அப்பா போயிட்டாரா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. சந்தோஷப்படணுமா, தலைமுழுகணுமான்னு தெரியாம ஒரு மாசமா நிக்கிறேன்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எங்கப்பா உயிரோட இருந்தா இந்நேரம் வேண்டாம்னு எழுந்து உள்ள போயிருப்பார்," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்து, அவர் அதை எழுதினார். வாசித்துக் காட்டினார். "நான் சொன்னதுதான்," என்றாள். முதல் எடுத்துக்காட்டு.

இரண்டாவது, தேடிப் போகாமலே கிடைத்தது. அன்று மத்தியானம் உறையூர் மீன் மார்க்கெட்டில் நண்டு விற்கிற சவரியம்மாளிடம், "உயிரோட இருக்கா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவைத்தார்.

"விரலைக் குடுத்துப் பாருங்க. உயிர் இருந்தா வேணாம்னு கடிக்கும்," என்றாள் சவரியம்மாள். "கடிக்கலேன்னா சும்மாவே எடுத்துட்டுப் போங்க சார்."

அவர் விரலைக் கொடுக்காமல் காகிதத்தை எடுத்தார். ஏழு சொல்லில் கச்சிதமாக அமைந்தது. வாசித்ததும் அவள் சுற்றியிருந்தவர்களைப் பார்த்து, "நான் சொன்னதுதாம்ப்பா, எல்லாரும் கேட்டுக்கங்க," என்று குரல் பதிந்தாள். பிறகு, "எழுதிட்டுப் போனா எப்படி? நண்டு யார் வாங்குறது?" என்றாள். அரைக் கிலோ வாங்கினார். வாங்கும்போது ஒன்று நிஜமாகவே கடித்தது.

நண்டைக் கமலம் உடைத்துக்கொண்டிருந்தபோது, கட்டுப்போட்ட விரலோடு எதிரே உட்கார்ந்து கேட்டார்.

"அலைவ்னா என்ன கமலம்?"

"லேபர் ரூம் ரிஜிஸ்டர்ல ஏழாவது கட்டம்," என்றாள் உடனே.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுல எப்படி எழுதுவீங்க?"

"பிள்ளை வெளிய வந்ததும் அழுதா கவலையில்ல. சிலது அழாது. நீலம் பாரிச்சு, நனைஞ்ச துணி மாதிரி கிடக்கும். அப்ப உள்ளங்காலைச் சுண்டுவோம். காலை இழுத்துக்கிட்டா அலைவ்னு எழுதுவோம். 'போடி அந்தாண்ட'ங்கற மாதிரி இழுக்கும் பாருங்க, எங்க எல்லாருக்கும் சிரிப்பு வரும். இழுக்கலேன்னா எழுத மாட்டோம். துடைப்போம், முதுகைத் தேய்ப்போம், மூச்சு ஊதுவோம், திரும்பச் சுண்டுவோம். அது வரைக்கும் பேனாவையே தொட மாட்டோம்."

சொல்லும்போது அவள் விரல்கள் நண்டை விட்டுவிட்டுக் காற்றில் ஒரு சின்னக் காலைத் தேடின.

வியாழக்கிழமை முழுக்க அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்று பேர் மூன்று இடத்தில் சொன்னது ஒரே விஷயம். மகள், நண்டுக்காரி, நர்ஸ். எழுந்து உள்ளே போகிற ஹெட்மாஸ்டர், கடிக்கிற நண்டு, காலை இழுத்துக்கொள்கிற பிள்ளை. ஒரு பொருள் இவ்வளவு சுத்தமாக விழுந்தது அவர் சர்வீஸில் இல்லை. எழுதினார்:

அலைவ் (பொருள் 1): தன்மேல் படுவதை வேண்டாம் என்று மறுக்கவோ, விலகவோ முடிகிற நிலையில் இருத்தல்.

இயந்திரம் இதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு துணைமூளையின் பதிவேட்டையும் திறக்கும். போன ஒரு வருஷத்தில் ஒரு மறுப்பாவது இருக்கிறதா? இருந்தால் ஆள் இருக்கிறார். இல்லாவிட்டால் பதிவு மூடப்படும், சில்லு நிற்கும். கமலத்தின் கணக்கு பதினான்கு மாதம், பூஜ்யம்.

பொய் எழுதலாம். 'பேசுதல், நடத்தல்' என்று நிரஞ்சன் சொன்ன மாதிரி எழுதலாம். மூன்று எடுத்துக்காட்டு பிடிப்பது ஒரு மணி நேர வேலை. கமலம் நாளைக்கும் காபி கொடுப்பாள், சிரிப்பாள். ஆனால் தமயந்தி தலையில் தாம்பாளம் வைத்த மாதிரி ஒரு கையை ஆயுசு முழுக்கச் சுமப்பாள். மூன்று லட்சம் வீட்டில் மூன்று லட்சம் பேர், தாங்கள் ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டாத 'சரிங்க'வைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். முப்பத்தொரு வருஷம் ஏழாவது கட்டத்தில் பொய் எழுதாதவளுக்காக, அவள் புருஷன் ஒரு பொய் எழுத வேண்டுமா?

எழுதவில்லை. அழுதார், முகம் கழுவினார், கமலம் சொன்னதை விதிப்படி பன்னிரண்டு சொல்லுக்குள் அடக்கினார். அது பழகிப்போன கை. எது சதை, எது எலும்பு என்று பார்க்காமலே வெட்டும்.

சொந்தக்காரர் சொன்ன எடுத்துக்காட்டு என்றால் வாசித்துக் காட்டும்போது சாட்சி வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெஜினாவும் கூட வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ரெஜினா, "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல தாயு சார். திரும்பிப் போயிடலாம்," என்றார்.

"வந்துட்டோம் மேடம். காபி வேற போட்டுட்டா."

கமலம் எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். சிரித்த முகம். ரெஜினா குரல்பதிவை மேசைமேல் வைத்தார்.

"கமலம், நீ புதன்கிழமை சொன்னதை எழுதியிருக்கேன். வாசிக்கிறேன். 'நான் சொன்னதுதான்'னு சொல்லணும். அவ்வளவுதான்."

"சரிங்க."

தாயுமானவன் காகிதத்தைப் பிரித்தார். வாசித்தார். "'உள்ளங்காலைச் சுண்டுவோம். காலை இழுத்துக்கிட்டா அலைவ்னு எழுதுவோம்.'"

கமலம் தலையை ஆட்டத் தொடங்கினாள். பாதியில் நின்றது. புருவம் மெல்லக் கூடியது.

"இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தார்.

"இல்ல," என்றாள்.

"என்ன இல்ல?" என்றார் தாயுமானவன். அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

"நான் சொன்னது இது இல்ல. பாதியை முழுங்கிட்டீங்க." அவள் கையை நீட்டிக் காகிதத்தைப் பிடுங்கினாள். "இழுக்கலேன்னா என்ன பண்ணுவோம்னு சொன்னேனே, அது எங்க? துடைப்போம், தேய்ப்போம், ஊதுவோம், திரும்பச் சுண்டுவோம்னு சொன்னது எங்க போச்சு? ஒரு தடவை சுண்டினேன், இழுக்கல, போச்சுன்னு எழுதிட்டுக் கைகழுவிட்டுப் போறவளா நான்?"

ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டார்.

தாயுமானவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆகவே எப்போதும் செய்கிற காரியத்தைச் செய்தார். "பன்னிரண்டு வார்த்தைக்கு மேல போனா சட்டத்துக்கு மூச்சு வாங்கும் கமலம். வயசாயிடுச்சுல்ல."

அவள் சிரிக்கவில்லை. காகிதத்தை மேசையில் தட்டினாள்.

"இதுக்கு எந்தப் பக்கம் சிரிக்கணும்?"

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மூடிய பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போலச் சட்டென்று கையை எடுத்து, முகத்தை அவளுக்கு நேராகக் காட்டி, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். இந்தத் தடவை சுளிக்கக்கூடாது. சில்லு பார்த்துக்கொண்டிருக்கிறது.

"அக்கா," என்றார் ரெஜினா மெதுவாக. "இது நீங்க சொன்னதுதான்னு சொல்லுவீங்களா, மாட்டீங்களா? பதிவு ஓடுது."

"மாட்டேன். நல்லா எழுதிக்கோ."

மறுத்தது மூன்றா, தொண்ணூற்றேழா? திரும்பி வரும் வழியில் ரெஜினா அதைக் கேட்கவில்லை. தாயுமானவனும் நிரஞ்சனுக்குப் போன் போட்டுக் கேட்கவில்லை. ஆறு வருஷமாக அவளிடம் பாடம் படித்த ஒரு சில்லுக்கு அவளுடைய மனசாட்சியும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டதா, அல்லது தேய்ந்த பென்சிலின் அடியில் மிச்சமிருந்த அந்த மூன்று எழுந்து நின்று கத்தியதா, யார் பிரித்துச் சொல்வது? சொல்லத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரிடம் 'அலைவ்' முழுவதையும் ஒப்படைத்துவிட்டுத் தாயுமானவன் ஊர் போய்ச் சேர்வார்.

இதில் ஒரு வேடிக்கை. அவள் மறுத்ததால் மூன்றாவது எடுத்துக்காட்டு செல்லாது. அதனால் விளக்கமும் செல்லாது. விளக்கம் போயிருந்தாலும், இப்போது அவள் பெயரில் ஒரு மறுப்பு பதிந்துவிட்டதால் அவள் பதிவை மூட முடியாது. இரண்டு பக்கக் கதவையும் ஒரே உதையில் சாத்திவிட்டாள்.

"வேற ஒரு எடுத்துக்காட்டு தேடலாமே சார். மணி மூணுதான் ஆகுது," என்றார் ரெஜினா, கடமைக்கு.

"தேடலாம் மேடம். ஆனா விளக்கமே தப்பு. பாதிதான் எழுதியிருக்கேன். காலை இழுக்கிறது பிள்ளையோட வேலை. திரும்பத் திரும்பச் சுண்டறது நம்ம வேலை. ரெண்டும் சேர்ந்துதான் அந்த ஏழாவது கட்டம். இதைப் பன்னிரண்டு வார்த்தையில எழுத எனக்குத் தெரியல."

ஐந்து மணிக்கு ரெஜினா அனுப்பினார்: 'அலைவ்: நிலுவை. மூன்றாவது எடுத்துக்காட்டைச் சொன்னவர் மறுத்தார்.' இயந்திரம் வாங்கிக்கொண்டது. சட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனது. இருபத்தாறு வருஷத்தில் தாயுமானவன் முதல் தடவையாகத் தாமதித்திருந்தார்.

கிளம்பும் முன் தமயந்திக்குப் போன் செய்தார்.

"அம்மா, நீங்க கேட்டதுக்குப் பதில் இன்னும் தெரியல. ஆனா ஒண்ணு செஞ்சு பாருங்க. உங்க அப்பா எப்பவோ சொன்ன ஒரு பாடத்தை, அவர்கிட்டயே தப்பா சொல்லிக்காட்டுங்க."

"தப்பாவா?"

"தப்பா, பாதியை முழுங்கி. ஹெட்மாஸ்டர் இல்லையா, பொறுக்காது. திருத்தினார்னா, முகத்தைச் சுளிக்காம சந்தோஷமா கேட்டுக்குங்க. அது ரொம்ப முக்கியம். முதல் தடவை சும்மா இருந்தார்னா விட்டுடாதீங்க."

"திருத்தறதுக்குப் பதிலா எழுந்து உள்ள போயிட்டார்னா?" என்றாள்.

"பேப்பரை எடுத்துட்டுப் போறாரான்னு பாருங்க. எடுத்துட்டுப் போனா எனக்குப் போன் பண்ணுங்க. ரெண்டு பேருமா சேர்ந்து சந்தோஷப்படலாம்."

சனிக்கிழமை காலை கமலம் காபியோடு வந்தாள். தாயுமானவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ராத்திரியே தயார் செய்து வைத்திருந்த ஒன்றைச் சொன்னார். "கமலம், நேத்து நீ போட்ட சத்தத்துல சட்டமே ஆறு மாசம் லீவு போட்டுடுச்சு."

அவள் சிரித்தாள். அழகாக, நேரம் பிசகாமல்.

அவர் காபியைக் கீழே வைத்தார். ஒரு கணம் வீடு முழுக்கக் காலியானது. பிறகு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"பிள்ளை பிறந்ததும் தலைகீழாத் தொங்கவிட்டு முதுகுல நாலு அடி போடுவீங்கன்னு சொன்னேல்ல? அதை எழுதிடட்டுமா?"

"எழுதுங்க," என்றாள் கமலம், சிரித்த முகத்தோடு.

"அப்புறம், அழலேன்னா அவ்வளவுதான்னு அம்மாக்காரிகிட்ட சொல்லிட்டு, நீங்கல்லாம் டீ குடிக்கப் போயிடுவீங்க. இல்லையா?"

"சரிங்க."

இரண்டு தடவை சுண்டியாயிற்று. தாயுமானவன் அவள் தோளிலிருந்து ஈரத்துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அவளுடைய கையை எடுத்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, மேலும் கீழுமாக, சூடு ஏறும் வரை தேய்க்க ஆரம்பித்தார். பேனா மேசைமேல் மூடியபடியே கிடந்தது. எழுதுவதற்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.